குச்சி மச்சான் வண்டிக்கு ஊற்றிய ஆயில்

பழைய காருக்கு எந்த ஆயில் போடலாம் என்று கேட்டுக்கொண்டு இப்போதும் ஆட்கள் என் ஷெட்டுக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் அப்படி ஒருவன் வாயைக் கொடுத்தால் போதும், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து அரை மணி நேரம் விட மாட்டேன். இப்போது அலமாரியைக் கை காட்டி, "அந்தப் பச்சை டப்பாவ எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். மெக்கானிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று வெளியே பேச்சு. பேசட்டும், எனக்கென்ன. ஆயிலைப் பற்றி மனம்விட்டுப் பேச எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். என் அக்காவின் கணவர்.

கார் ஸ்டாண்டில் அவருக்குக் குச்சி என்று பெயர். ஒல்லியான ஆள் என்பதால் வந்த பெயர் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒல்லிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் வந்த கதை வேறு. தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பானட்டைத் திறப்பார். ஆயில் பார்க்கிற குச்சியை உருவுவார். தோளில் கிடக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி சொருகி, மறுபடி உருவி, அளவு பார்ப்பார். அதோடு விட மாட்டார். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, வெயிலில் காட்டிப் பார்த்து, மோந்தும் பார்ப்பார். விரலில் மினுமினுப்புத் தெரிந்தால் இன்ஜினுக்குள் ஏதோ உலோகம் தேய்கிறது என்று அர்த்தம். மழை பெய்தாலும் காய்ச்சல் அடித்தாலும் இது நடக்கும்.

"என்ன குச்சி, இன்னிக்கு உப்பு சரியா இருக்கா?" என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கிண்டல் அடிப்பார்கள்.

"என் வண்டில சரியாத்தான் இருக்கு. உன் வண்டியத் தெறந்து பாத்தேன், அடி புடிச்சிருக்கு" என்பார் மச்சான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண்ணெய்க் கிண்டி மாதிரிச் சின்னப் படம் போட்ட சிவப்பு லைட் ஒன்று இருக்கிறது. இன்ஜினுக்குள் ஆயில் சரியான அழுத்தத்தில் ஓடவில்லை என்றால் அது எரியும். எரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை அணைத்துவிட வேண்டும். ஓரமாகப் போய் நிறுத்தலாம், அடுத்த திருப்பத்தில் நிறுத்தலாம் என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. இருபத்திரண்டு வயதில் வேறு ஒருவருடைய காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு கிலோமீட்டர்தானே என்று லைட்டோடு ஓட்டி இன்ஜினை ஜாம் ஆக்கிவிட்டார். முதலாளி நடுத்தெருவில் வைத்துக் கன்னத்தில் அறைந்தார். அந்த அறை அவருக்குள் அப்படியே தங்கிவிட்டது. பிறகு சொந்தமாகக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டிய காலத்தில், ரயிலுக்குப் போகிற நாலு ஆபீசர்களை லைட் எரிந்ததற்காகப் பாதி வழியில் இறக்கிவிட்டவர் அவர். அவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். "லைட் எரிஞ்சா நிப்பாட்டணும் சார். இதுல பேச்சே கிடையாது."

அந்த வாசகம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், சிவப்பு பெயின்ட் வாங்கி ஷெட் சுவரில் பெரிதாக எழுதி வைத்தேன். பெருமை வேறு. இப்போது அந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. பிள்ளைகள் கிடையாது. இந்த மனிதரும் அந்தக் காரும்தான் அவளுக்குக் குடும்பம். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி நாற்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு எழுந்தால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது, பஸ்ஸில் எங்கே ஏறுவது. மச்சான் வாடகைச் சவாரியையே விட்டுவிட்டார். முன்பக்கத்து இடது சீட்டைக் கழற்றி என் ஷெட் மூலையில் போட்டார். அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டிக்கொள்ளலாம். தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று இரண்டு தலையணை.

ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் கணக்குச் சொல்லியிருந்தார். மச்சான் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து உள்பக்கம் ஆணியால் இரண்டு கோடு கீறினார். கீழ்க்கோட்டுக்குக் குறையக் கூடாது, மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

"பாத்தியாடா தம்பி, என்னையும் இன்ஜினா ஆக்கிட்டாரு" என்று அக்கா என்னிடம் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். "இன்னும் ஒரு குச்சிய எடுத்துத் தொண்டைல சொருகிப் பாக்கறதுதான் பாக்கி."

"பாக்கலாம். உனக்குப் பொருந்துற குச்சி கடையில கெடைக்கல" என்றார் மச்சான். அக்கா சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் சிரிப்பாள். அவள் அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ரயில்வே கேட்டில் வண்டி நின்றிருக்கிறது. இன்ஜின் சூடாக, சும்மா ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சிவப்பு லைட் சிமிட்டியது. உடனே அணைத்துவிட்டார். கேட் திறந்து மறுபடி ஸ்டார்ட் செய்தபோது லைட் எரியவில்லை, எரியாத வரை ஓட்டலாம் என்று இன்ஜினைச் சற்று வேகமாகவே ஓடவிட்டு நேராக என் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ளே, கண்ணு சிமிட்டுது" என்றார்.

ஆயில் அழுத்தம் பார்க்கிற அளவுமானியை மாட்டிப் பார்த்தேன். சூடான இன்ஜினில் முள் மேலே ஏறவே மாட்டேன் என்றது. வண்டிக்கு வயது இருபத்தாறு. உள்ளே பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளி வழியாக ஆயில் ஒழுகி அழுத்தம் குறைகிறது. இன்ஜினை இறக்கிப் பிரித்துப் புது பேரிங் போட வேண்டும் என்று சொன்னேன்.

"எத்தன நாள் ஆகும்?"

"பத்து நாளாவது ஆகும் மச்சான்."

"பத்து நாளா? மூணு தடவ போயிடுமே."

"அதுவரைக்கும் வேற வண்டி நான் ஏற்பாடு பண்றேன்."

"வேற வண்டிய எனக்குத் தெரியாது மாப்ளே. இது எங்க நிக்கும், எங்க நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரியாத வண்டில அவள ஏத்த மாட்டேன்."

தலைகீழாக நின்றாலும் அவர் இறங்கி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை. இன்ஜினைப் பிரிக்காமல் ஆயிலை வைத்தே இதைச் சரிக்கட்டிக் காட்டுகிறேன் பார் என்ற ஆசை.

எந்த ஆயில் ஊற்றுவது என்று இரண்டு நாள் இதே பேச்சு. உதிரிபாகக் கடைக்காரர் விலை கூடின, தண்ணீர் மாதிரி இளகின ஒரு ஆயிலைக் கையில் திணித்தார். "இதுதான் இப்ப வர்ற எல்லா வண்டிக்கும்" என்றார்.

"இது இப்ப வந்த வண்டி இல்ல அண்ணே" என்றார் மச்சான். "இதக் குடுத்தா அடில பல வருஷமா படிஞ்சிருக்கிற அழுக்கையெல்லாம் கரைச்சுக் கொண்டுவந்து சல்லடைய அடைச்சுடும்." சரியான பேச்சு. என் வாயிலிருந்து வர வேண்டியது அவர் வாயிலிருந்து வந்தது.

டப்பாவில் இரண்டு எண் போட்டிருக்கும். முதல் எண் குளிர்ந்த இன்ஜினில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது சூடான இன்ஜினில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நாங்கள் இருபது-ஐம்பதை எடுத்தோம். சூட்டிலும் கெட்டியாக நிற்கிற பழைய ரகம். அதைவிடக் கெட்டியாக ஒன்றை ஊற்றலாமா என்று மச்சான் கேட்டார். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஏற நேரம் எடுக்கும், அதுவரை இரும்பும் இரும்பும் உரசும் என்று நான் மறுத்தேன். ஊற்றிவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடாகிற வரை ஓட்டி, அளவுமானியை மாட்டினேன். முள் முன்பு நின்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறி நின்றது. லைட் அணைந்தே கிடந்தது. மச்சான் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பேரும் டீ குடித்தோம். ஏதோ உலகத்தையே பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

அளவுமானியைக் கழற்றிவிட்டு, அதை மாட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த ஆயில் லைட் ஸ்விட்ச்சை அதே ஓட்டையில் திரும்ப மாட்டினேன். கட்டைவிரல் அளவு சாமான். அதுதான் அழுத்தத்தைப் பார்த்து லைட்டுக்குச் சொல்கிறது. அதன் கழுத்தில் ஆயில் கசிந்து ஈரமாக இருந்தது. வண்டியோடு வந்த ஸ்விட்ச், அதற்கும் இருபத்தாறு வயது. துணியால் ஒரு துடை துடைத்துவிட்டேன். அடுத்த தடவை ஆயில் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மச்சானிடம் சொல்லக்கூட இல்லை. ஆயில் பண்டிதன் அல்லவா நான், இந்தச் சின்னச் சாமானெல்லாம் என் கண்ணுக்கு எங்கே தெரியும்.

ஐந்து மாதம் வண்டி தொந்தரவு இல்லாமல் ஓடியது. மச்சான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த லைட்டைப் பார்த்தபடிதான் ஓட்டினார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற இயந்திரம் ரிப்பேர், திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சுத்தமான தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் ஓடாது. ஆக ஆறு நாள் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அக்காவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு விட முடியவில்லை என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நாளைக்கு முதல் ஆளா போயிடறோம்" என்றார் மச்சான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் ஃபோன் அடித்தது.

"மாப்ளே, லைட் எரிஞ்சிடுச்சு."

"சிமிட்டுதா?"

"இல்ல. நெலையா எரியுது. அணைச்சுட்டேன். பாலம் தாண்டி பைபாஸ்ல நிக்கறேன். ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினாலு கிலோமீட்டர்."

"சத்தம் ஏதாவது வந்துச்சா?"

"ஒரு சத்தமும் இல்ல. குச்சியப் பாத்துட்டேன், ஆயில் சரியா இருக்கு." பின்னால் அக்கா மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. பிறகு கேட்டார், "ஓட்டட்டுமா மாப்ளே?"

இத்தனை வருடத்தில் லைட் எரிந்த வண்டியை ஓட்டட்டுமா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. சட்டத்தை மீறத் தயாராக நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயில் அளவு சரி, சத்தம் இல்லை, லைட் மட்டும் நிலையாக எரிகிறது. ஸ்விட்ச் போயிருக்கும் என்று தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆனவன்கூடச் சொல்வான். என் புத்தி பேரிங்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. இடைவெளி விழுந்த பேரிங்கை நான் என் கண்ணால் பார்க்காமலே ஐந்து மாதம் மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓட்டாதீங்க மச்சான்" என்றேன். "நடு ரோட்ல ஜாம் ஆச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அரை மணி நேரத்துல நான் வந்துடறேன்."

"சரி" என்றார்.

ஷெட்டில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே ஒரு கார். அதுவும் பின் சக்கரம் இரண்டும் கழன்று ஜாக்கி மேல் நின்றது. சக்கரத்தை மாட்டிக் கிளம்பவே இருபது நிமிடம் போய்விட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வேறு கேஸில் இருக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் நானே போய்விடுவேன் என்று நினைத்து வேண்டாம் என்றேன். அதையும் நான்தான் சொன்னேன். பாலத்துக்கு முன்னால் போக்குவரத்து அடைத்துக்கொண்டு கிடந்தது. போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தது.

மச்சான் பின்சீட்டில் உட்கார்ந்து அக்காவைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி நின்றதாம். அவ்வளவு உயரத்துக்கு அவளை ஏற்ற முடியவில்லை. கார்கள் எதுவும் நிற்கவில்லை. அக்காவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாடா" என்றாள். நான் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பின குரல் அது. அந்தக் குரலை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள். உள்ளே கொண்டுபோய் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டர் இளம் வயதுப் பெண். "ஒரு அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, மச்சான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மச்சான் அழவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "தண்ணி கேட்டா மாப்ளே" என்றார். "கோடு வரைக்கும்தான் குடுத்தேன்."

வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்த அன்று அவருடைய அண்ணன்தான் கேட்டார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ஆள். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிய எதுக்குடா நிப்பாட்டின? யாரு நிப்பாட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் நிப்பாட்டினேன். லைட் எரிஞ்சுது" என்றார் மச்சான்.

நான் அங்கேதான் நின்றேன். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் இரண்டு நாற்காலியை எடுத்து வரப் பின்பக்கம் போனேன்.

பைபாஸிலிருந்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டிருந்தேன். நாலாம் நாள் தனியாக இருந்தபோது பானட்டைத் திறந்தேன். ஸ்விட்ச்சைக் கழற்றினேன். உள்ளே ஆயில் புகுந்து ஊறிக் கிடந்தது. அந்த இடத்தில் அளவுமானியை மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் ஓடவிட்டேன். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் முள் ஐந்து மாதத்துக்கு முன் நின்ற இடத்திலேயே நின்றது. பதினாலு கிலோமீட்டர் என்ன, நானூறு கிலோமீட்டர் போயிருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மச்சான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் உயிரோடு இருப்பாரா என்று பயந்தேன். எனக்காகவும் பயந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். ஆயிலை இறக்கிக் கழிவு டிரம்மில் ஊற்றினேன். இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியைக் கழற்றி வைத்தேன். பழைய சாமான் பெட்டியைக் குடைந்து, இதே மாதிரி வேறொரு காரிலிருந்து எப்போதோ கழற்றிப் போட்ட, தேய்ந்து கீறல் விழுந்த பேரிங் நாலைத் தேடி எடுத்துத் துடைத்துப் பேப்பரில் வரிசையாக வைத்தேன்.

காலையில் நடந்தே வந்தார். தோளில் வெள்ளைத் துணி கிடந்தது. பழக்கம் விடவில்லை போல. உட்காராமல் கேட்டார்.

"ஓட்டியிருந்தா போயிருக்குமா மாப்ளே?"

"போயிருக்காது மச்சான்" என்றேன். "பேரிங் மொத்தமும் போயிடுச்சு. இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் ஜாம் ஆகியிருக்கும். நீங்க நிப்பாட்டினதுதான் சரி."

பேரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீறலில் நகத்தை வைத்துப் பார்த்தார். திரும்பப் பேப்பரில் வைத்தார்.

"எறக்கின ஆயில் எங்க?"

"டிரம்ல ஊத்திட்டேன்."

தலையை ஆட்டினார். வண்டிக்கு முன்னால் போய் நின்றார். பானட் திறந்துதான் இருந்தது. கை தானாகப் போய்க் குச்சியை உருவியது. அதை முன்பே எடுத்து ஒளித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொட்டி கழன்றிருந்தாலும் குச்சியின் நுனியில் ஆயில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டை விரலில் வாங்கினார். தேய்த்தார். ஷெட் வாசலுக்குப் போய் வெயிலில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரிங் அப்படிக் கீறிக்கொண்டு போயிருந்தால் விரல் முழுவதும் மினுமினுக்க வேண்டும். மோந்து பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, விரலில் ஒரு மினுமினுப்பும் இல்லை.

"நல்ல ஆயில்தான் மாப்ளே" என்றார். "நீ தேர்ந்தெடுத்தது நல்ல ஆயில்தான்."

துணியில் குச்சியைத் துடைத்து, எப்போதும் போலப் பதமாகச் சொருகினார். விரலைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழவில்லை. போனவர் வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு அண்ணன் வண்டியப் பத்திக் கேக்க வருவாரு. பேரிங் போயிடுச்சுன்னே சொல்லு. நான் ஃபோன் பண்ணதும் நீ சொன்னதும் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

மறுநாள் அவருடைய அண்ணன் வந்தார். பேரிங் போய்விட்டது என்று சொன்னேன்.